கல்லூரி விண்ணப்பக் கட்டுரை: ஆசிரியர் எவ்வளவு திருத்தலாம்?

ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிளஸ் டூ மாணவர்கள் மூன்று பேர் அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். பள்ளியில் இதற்கென்று கவுன்சலர் யாரும் இல்லாததால், கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி உங்களிடம் வந்து நிற்கிறார்கள். எவ்வளவு திருத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது உங்கள் முதல் கேள்வி. மூவரில் ஒருவன் "எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை" என்கிறான், அவனை என்ன செய்வது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். கேள்வி எத்தனை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு வாக்கியம்கூட எழுதித் தராதீர்கள். பதினான்கு ஆண்டுகளாக இந்தக் கட்டுரைகளில் மாணவர்களுக்குத் துணையாக இருந்து வருகிறேன். முதல் ஆண்டிலேயே இந்த எல்லையை நான் மீறினேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு என்னிடம் வந்த ஒரு பையன் நல்ல உழைப்பாளி. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும். அவன் கட்டுரையை வாங்கி, முதலில் இலக்கணம் திருத்தினேன். பிறகு ஒரு சொல்லை மாற்றினேன். அந்தச் சொல்லுக்குப் பொருந்தவில்லை என்று அடுத்த வாக்கியத்தை மாற்றினேன். இரவு பதினொரு மணிக்கு முடித்தபோது கட்டுரை பளபளவென்று இருந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. அவனுக்கு இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்த இரண்டாவது மாதம் மின்னஞ்சல் அனுப்பினான். வகுப்பில் எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரை ஒன்றை இணைத்து, "மேடம், இதையும் கொஞ்சம் பார்த்துத் தருவீர்களா? நான் எழுதுவது சரியாக இருக்காது" என்று கேட்டிருந்தான். "சரியாக இருக்காது" என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அவன் வாக்கியங்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு என்னுடையதை எழுதியபோது அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு எந்த மாணவர் கட்டுரையிலும் நான் கை வைத்ததில்லை.

இந்தக் கட்டுரை என்ன வகை என்பதை உங்கள் மூவருக்கும் முதலில் புரியவைத்துவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஏராளமான மாணவர்கள் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1975இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது இது; இன்று 1,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் இருக்கின்றன. முதன்மைக் கட்டுரை 250 சொல்லுக்குக் குறையக் கூடாது, 650ஐத் தாண்டக் கூடாது. ஏழு தலைப்புகள் தருவார்கள். தோல்வி, நம்பிக்கையைக் கேள்வி கேட்ட தருணம், நன்றியுணர்வு, நேரம் போவதே தெரியாமல் ஈடுபடும் விஷயம் என்று போகும். ஏழாவது, உங்கள் விருப்பம் போல எதையும் எழுதலாம் என்பது. ஆகவே தலைப்பைப் பற்றி யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுத வேண்டியது கிடைத்த பிறகு அது ஏதாவது ஒரு தலைப்பில் பொருந்திவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மதிப்பெண்தான் முதலில். பலவீனமான மதிப்பெண்ணை எந்தக் கட்டுரையும் தூக்கி நிறுத்தாது. ஒரே அளவு மதிப்பெண்ணோடு ஆயிரக்கணக்கான பேர் போட்டியிடும் கல்லூரிகளில், "இந்தப் பிள்ளை யார்?" என்று படிப்பவர் தெரிந்துகொள்ள இந்த 650 சொற்கள் உதவுகின்றன. அந்த இடத்தில் ஆசிரியையின் குரல் கேட்டால், படிப்பவருக்கு அது தேவையே இல்லாத தகவல்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு தடைகள் உண்டு. இரண்டுமே பள்ளியில் நாம் போட்டவை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பத்து ஆண்டுகள் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் இவர்கள். முதல் வரியில் ஒரு மேற்கோள், கடைசி வரியில் ஒரு நீதி என்று கை தானாகவே எழுதிவிடும். நான் பார்க்கும் முதல் வரைவுகளில் பாதிக்கு மேல் அப்துல் கலாமின் கனவு பற்றிய மேற்கோளோடு தொடங்குகின்றன. கலாம் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் விண்ணப்பிப்பது அவர் இல்லையே.

இரண்டாவது தடை, தன்னைப் பற்றிப் பேசக் கூச்சம். "நான் நான் என்று எழுதினால் தற்பெருமை ஆகாதா?" என்று உண்மையிலேயே வருந்திக் கேட்பார்கள். நல்ல வளர்ப்பில் வரும் கூச்சம் அது, அதைக் கேலி செய்யாதீர்கள். நான் அவர்களுக்கு நன்னூலைக் காட்டுவேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. தன்னைத்தானே புகழ்வது தகாது என்று சொல்லும் அதே நூல், புலவர் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு இடங்களை விலக்காகத் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது என்பது ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது என்பது இன்னொன்று. உன்னைக் கண்டிராத ஊருக்கு நீ எழுதும் விண்ணப்பம் இந்த இரண்டிலும் அடங்கும் என்று சொன்னால், பிள்ளைகளின் முகம் தெளிவதை நீங்களே பார்க்கலாம்.

இனி, உட்கார்ந்து பேசும் விதம். ஒரு மாணவியோடு நடந்ததை, அவள் அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கொங்குப் பகுதிப் பெண். முதல் வரைவு பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவைப் பற்றியது. குழு மாநில அளவில் போனது, ஒற்றுமையின் வலிமை புரிந்தது, முடிந்தது. தப்பில்லாத ஆங்கிலம். ஆனால் அந்தக் குழுவில் இருந்த ஆறு பேரில் யார் எழுதியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன், தமிழில்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்?"

"ஆறு மணிக்கு, மேடம். அப்பாவோடு கடைக்குப் போக வேண்டும்."

"என்ன கடை?"

"தராசு ரிப்பேர் கடை."

"அங்கே நீ என்ன செய்வாய்?"

"சும்மா இருப்பேன்."

இந்த "சும்மா" என்ற சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பிள்ளைகள் தினமும் செய்வதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அதனால்தான் அது சும்மா ஆகிவிடுகிறது. "சும்மா என்றால் கை என்ன செய்துகொண்டிருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடைக்கல்லுக்கு அப்பா ஈயம் வைப்பார், நான் பிடித்துக்கொள்வேன்" என்றாள்.

எனக்கு அதுவரை தெரியாத விஷயம். இரும்பு எடைக்கல்லில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் அடைத்திருப்பார்கள். கை பட்டும் தட்டில் உரசியும் கல் தேயும், எடை குறையும். குறைந்த அளவுக்கு ஈயம் சேர்த்துத் தட்டிச் சரிசெய்வார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கல்லைச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரை ஆய்வாளர் வைக்கும் முத்திரை அந்த ஈயத்தின் மேல்தான் விழும். இதையெல்லாம் அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ரோபோட்டிக்ஸ் பற்றிப் பேசியபோது அந்தக் கை மடியிலேயே கிடந்தது.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், காய்கறிக்கடையிலிருந்து வந்த ஒரு கிலோ கல் எட்டு கிராம் குறைந்திருந்ததாம். அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நூறு முறை நிறுத்தால் 800 கிராம். முந்நூறு நாளில் 240 கிலோ. அத்தனை காய்கறியும் யாரோ காசு கொடுத்தும் வீட்டுக்குப் போகாதது. "கடைக்காரருக்கு இது தெரிந்திருக்குமா?" என்று அப்பாவிடம் கேட்டாளாம். "தெரிந்தவரும் உண்டு, தெரியாதவரும் உண்டு. கல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் தேயும்" என்றாராம். அவள் கல்லூரியில் படிக்க விரும்பியது புள்ளியியல். ஏன் என்று அவள் வரைவில் ஒரு வரிகூட இல்லை. விடை இங்கே இருந்தது. அது வெளியே வர ஐம்பது நிமிடம் ஆயிற்று.

அந்த ஐம்பது நிமிடமும் நான் செய்தது, அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே குறித்துக்கொண்டது மட்டும். குறிப்பை அவளிடம் கொடுத்து, "இதை எனக்குச் சொன்ன மாதிரியே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பினேன். நீங்களே மொழிபெயர்த்துத் தந்துவிடலாம் என்று அந்த நேரத்தில் கை துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த கட்டுரையின் முதல் வரி, எங்கள் கடைக்கு வரும் எடைக்கற்கள் எல்லாமே கொஞ்சமாகப் பொய் சொல்லும் என்பது. நான் எழுதித் தந்திருந்தால் அந்த வரி பிறந்திருக்காது.

திருத்தும் முறை இதுதான். இலக்கணப் பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். பிழை எங்கே, என்ன என்று சொல்ல மாட்டேன். அவள் கட்டுரையில் இரண்டு இடத்தில் ஆர்ட்டிகிள் விடுபட்டிருந்தது, புள்ளியைப் பார்த்ததும் அவளே போட்டுவிட்டாள். மூன்றாவது புள்ளிக்குக் காரணம் பிடிபடவில்லை, இலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். மற்றபடி என் குறிப்புகள் எல்லாம் கேள்விகளாகவே இருக்கும். "இங்கே அப்பா என்ன சொன்னார்?" "இது எந்த வயதில்?" "இந்தப் பத்தியில் எனக்குக் கவனம் சிதறியது, உனக்கும் அப்படியா?" சொல் ஒன்று கிடைக்கவில்லை என்று கேட்டால், தமிழில் என்ன பொருள் வேண்டும் என்று சொல்லச் சொல்லி, அகராதியில் அவர்களையே தேட விடுவேன். வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுவது சரி, புதிதாகச் சேர்த்துத் தருவது சரியில்லை. சம்பவத்தை மெருகேற்றும்படி ஆலோசனை சொல்வது அறவே கூடாது.

அவள் கடைசிப் பத்தியில் நேர்மையைப் பற்றி ஐந்து வரி நீதி இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கட்டுரை முழுவதையும் உரக்கப் படிக்கச் சொன்னேன். அந்த இடம் வந்ததும் குரல் இறங்கியது, பாதியில் நிறுத்திவிட்டு அவளே கோடு போட்டு அடித்தாள். உரக்கப் படிக்கவைப்பதைப் போல ஒரு நல்ல திருத்துபவரை நான் கண்டதில்லை. மாணவர் நாக்கு இடறும் இடத்தில் பெரும்பாலும் மற்றவர் எழுதிய சொல் இருக்கும்.

எளிய ஆங்கிலமாக இருக்கிறதே என்று நீங்கள் கவலைப்படலாம். வேறு மொழியில் வளர்ந்த பிள்ளை எழுதியது என்று படிப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் அதே மாணவரின் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் இருக்கும். டுவோலிங்கோ என்ற இணையவழி ஆங்கிலத் தேர்வை எழுதியிருந்தால், தேர்வு நேரத்திலேயே மாணவர் எழுதிய பகுதி ஒன்றும் கல்லூரிக்குப் போகும். அங்கே ஒரு நடை, கட்டுரையில் வேறு நடை என்றால் சந்தேகம் வருவது இயற்கை.

துக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கட்டுரை என்றால் கண்ணீர் வரவேண்டும் என்று பிள்ளைகளிடம் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கஜா புயல், கொரோனா, தாத்தாவின் மரணம் என்று தேடிக்கொண்டு வருவார்கள். இழப்பு உண்மையானதாக இருந்து, அதைப் பற்றி எழுத அவர்களே விரும்பினால் எழுதட்டும். விரும்பாத பிள்ளையைத் தோண்டக் கூடாது. பதினேழு வயதுப் பிள்ளை ஆறாத காயத்தை 650 சொல்லுக்குள் அடக்கி, கடைசியில் "நான் தேறிவிட்டேன்" என்று எழுதும்படி ஆவது பெரிய கொடுமை. அந்த இழப்பால் மதிப்பெண் குறைந்தது போன்ற செய்தி இருந்தால், விண்ணப்பத்திலேயே கூடுதல் விவரம் எழுதும் பகுதி உண்டு. அங்கே நான்கு வரியில் சொன்னால் போதும்.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரையையே எழுதித் தரும் ஏஜென்ட்டுகளிடம் சில பெற்றோர் போகிறார்கள். சில அப்பாக்கள் தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள், பாசத்தில்தான். அவர்களிடம் கோபப்படாமல், விண்ணப்பத்தின் கடைசியில் இவை அனைத்தும் என் சொந்தப் படைப்பு என்று மாணவர் கையொப்பமிட்டு உறுதி தருகிறார் என்பதைக் காட்டுங்கள். பொய் என்று தெரிந்தால், கொடுத்த இடத்தைக்கூடக் கல்லூரி திரும்பப் பெறலாம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன்னுடையது என்று அனுப்புவதையும் காமன் ஆப் 2023 முதல் மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மாணவர் அப்படி ஒன்றை உங்களிடம் கொண்டுவந்தால், பிடித்துவிட்டேன் என்று குற்றம் சாட்டாதீர்கள். கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. சொந்தமாக எழுதிய பிள்ளையையும் அவை மாட்டிவிடும். நடுவில் ஒரு வரியைத் தொட்டு, "அன்றைக்கு அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். எழுதியவருக்குப் பதில் உடனே வரும். எழுதாதவர் தலை குனிவார். அப்போது மெதுவாக நோட்டையும் பேனாவையும் கொடுத்து, அங்கேயே இருபது நிமிடம் கையால் எழுதச் சொல்லுங்கள். என் மாணவர்கள் எல்லாருக்கும் முதல் வரைவு கையெழுத்தில்தான். இதைக் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

உங்கள் மூவரில் யாராவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்தால், அது காமன் ஆப்பில் இல்லை. எட்டுக் கேள்வியில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். நேர்காணலில் பதில் சொல்வது போல நேரடியாக எழுதினால் போதும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.க்கும் தனி விண்ணப்பம். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் முற்றிலும் வேறு. 2026 சேர்க்கை முதல் ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள், மூன்றும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள். அங்கே படிக்கப்போகும் பாடத்தைப் பற்றித்தான் பேச்சு. எடைக்கல் கதையை அப்படியே கொண்டுபோக முடியாது. "எங்கள் கல்லூரி ஏன்?" என்ற துணைக் கேள்விகளுக்கு, கல்லூரியைப் புகழ்வதை விட்டுவிட்டு, அங்கே எந்தப் பாடம், எந்த ஆய்வகம், தான் இதுவரை செய்ததோடு அது எங்கே சேர்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

தேதிக் கணக்கில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் இடறுகிறார்கள். காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி, மற்றதற்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. நடுவே செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு. ஜே.இ.இ. எழுதுபவர்களுக்கு ஜனவரியில் அது வேறு. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு, பிளஸ் ஒன் முடிந்த மே மாத விடுமுறையிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். இந்த ஆண்டு மூவரையும் பொறுத்தவரை வாரத்துக்கு ஒரு வரைவு, நான்கு வரைவு போதும். ஏழாவது எட்டாவது வரைவில் கட்டுரை நன்றாவதில்லை, தேய்ந்துதான் போகிறது.

எழுத ஒன்றுமில்லை என்று சொன்ன அந்தப் பையனுக்கு வருகிறேன். அவனிடம் சாதனை என்ன என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விதான் அவன் வாயை அடைத்திருக்கிறது. பள்ளி விட்ட பிறகு, மற்ற பிள்ளைகள் போனதும் உட்காரவையுங்கள். எந்த பஸ்ஸில் வருகிறான், எந்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறுகிறது, வீட்டில் எந்த வேலை அவனுடையது, அதை அவன் செய்யாத நாளில் என்ன ஆகிறது, எதைப் பற்றி வீட்டில் யாரோடு வாதாடுவான், வீட்டில் கெட்டுப்போன எந்தப் பொருளை அவனிடம் கொண்டுவந்து தருகிறார்கள் என்று கேளுங்கள். பத்துக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும். பதினோராவதுக்கு அவன் நிமிர்ந்து உட்காருவான், அல்லது கையை நீட்டி ஏதாவது அளவு காட்டுவான். அங்கே கேள்வியை மாற்றாமல், "பிறகு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள். அவன் ஒப்புக்கொண்டால் பேச்சை அவன் போனிலேயே பதிவு செய்யச் சொல்லி, வீட்டில் போட்டுக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்போதுதான், தாங்கள் இவ்வளவு பேசியிருக்கிறோம் என்பதே தெரிகிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லுங்கள். முதல் முறை மௌனமாக இருந்துவிட்டு, இரண்டாம் முறை கதவருகிலேயே நின்றுகொண்டு, "மேடம், நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கு ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்" என்று ஆரம்பித்தவர்கள் எனக்குப் பலர் உண்டு.